பிரெஞ்சில் மேசை ஏன் பெண்பால்?

கேள்வி: ஐயா, என் மகள் இரண்டு வருடமாக பிரெஞ்சு படிக்கிறாள். எழுதினால் ஆண்பால், பெண்பால் சரியாக வருகிறது. பேசும்போது மட்டும் எல்லாவற்றையும் ஆண்பாலாக்கி விடுகிறாள். கவனக்குறைவா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: கவனக்குறைவே இல்லை, அம்மா. பிள்ளையைத் திட்டாதீர்கள். சந்தேகம் வந்தால் ஆண்பாலைப் பிடித்துக்கொள்வது பிரெஞ்சு கற்கும் பலருக்கும் உள்ள பழக்கம்.

நமக்குப் பொருளைப் பார்த்தே பால் தெரிந்துவிடும்: அண்ணன் வந்தான், அக்கா வந்தாள், செம்பனை லோரி வந்தது. மலாயில் அந்தத் தொல்லையே இல்லை. பிரெஞ்சில் மேசையும் நாற்காலியும் பெண்பால், புத்தகம் ஆண்பால். பொருளில் காரணம் தேடினால் கிடைக்காது. சொல்லின் ஈற்றைத்தான் பார்க்க வேண்டும். 'சியோன்' என்று முடிந்தால் பெரும்பாலும் பெண்பால், 'ஆஜ்' என்றால் பெரும்பாலும் ஆண்பால். மான்ற்றியலின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் லிஸ்டர், மாணவர் அகராதி ஒன்றில் ஏறக்குறைய 10,000 பெயர்ச்சொற்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார். ஐந்தில் நான்கு பங்கு சொற்களில் ஈறே பாலைக் காட்டிக்கொடுக்கிறது!

பிரெஞ்சுக் குழந்தைகள் மூன்று, நான்கு வயதிலேயே இதைக் காதால் பிடித்துவிடுகிறார்கள். ஆனால் கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள், பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் படித்தும் வருடக்கணக்கில் தடுமாறுகிறார்கள். உங்கள் மகளுக்கு இரண்டு வருடம் எந்த மூலைக்கு?

மாலையில் என்னிடம் படிக்க வரும் தோட்டத்துப் பிள்ளைகளிடமும் பார்க்கிறேன். பெயருக்கு முன்னால் வரும் 'லெ' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) முதலில் படிகிறது. 'ஒரு' என்று பொருள்படும் 'அன்' (ஆண்பால்), 'யூன்' (பெண்பால்) அப்புறம். பெயரடைதான் கடைசி. 'லா மேஸோன்' என்று வீட்டைப் பெண்பாலில் சரியாகத் தொடங்கும் பையன், பச்சை என்று சேர்க்கும்போது 'வேர்த்' என்னாமல் 'வேர்' என்று ஆண்பாலில் முடித்துவிடுவான். உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள் இன்னும் படுத்தும். பள்ளி 'லெகோல்', மரம் 'லார்ப்ர்': இரண்டும் 'ல்' என்று சுருங்கிவிடுவதால், முன்னால் இருப்பது லெயா லாவா என்று காதுக்கே தெரியாது. அவற்றை 'யூன் எகோல்', 'அன் ஆர்ப்ர்' என்றே பழக வேண்டும்.

அதனால் நோட்டில் எந்தச் சொல்லையும் தனியாக எழுத விடாதீர்கள். முன்னால் 'அன்' அல்லது 'யூன்' கட்டாயம் இருக்கட்டும். தவறிச் சொன்னால் விடையைச் சொல்லிவிடாமல், "அன்னா, யூனா?" என்று மட்டும் கேளுங்கள். தானே யோசித்துத் திருத்தியதுதான் தங்கும். லிஸ்டர் 2004இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்விலும் இந்த முறைக்கு நல்ல பலன் இருந்தது. உங்களுக்கு பிரெஞ்சு தெரியாவிட்டால் என்ன, நோட்டு கையில் இருந்தால் போதும். கடற்கரை 'ப்ளாஜ்', படம் 'இமாஜ்' போல ஈற்றுக்கு அடங்காத பெண்பால் சொற்களை மட்டும் தனிப் பக்கத்தில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.