கொத்தனார் பதில்கள்: மண் பள்ளிவாசல் மழைக்குத் தாங்குமா?

கேள்வி: ஐயா, ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் ஜென்னே ஊரில் இருக்கும் மண் பள்ளிவாசலைப் படத்தில் பார்த்தேன். சுவரெல்லாம் கட்டை கட்டையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. மழையில் கரையாதா? ஒரேயடியாக சிமெண்டு பூசிவிட்டால் என்ன?
- ஒரு வாசகர், பகாவ், மலேசியா

பதில்: கரையும் தம்பி. அங்கே வருடத்தில் சில மாதம்தான் மழை. அப்படியிருந்தும் 2009 நவம்பரில் ஒரே நாளில் 75 மில்லிமீட்டர் கொட்டியதில் தெற்குக் கோபுரத்தின் மேல்பகுதி சரிந்துவிட்டது. இங்கே சுங்கை சிப்புட்டில் அந்த அளவு மழையை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

அதனால்தான் வருடா வருடம் மழைக்கு முன்பு ஊரே கூடி மண் பூசுகிறது. மண்ணோடு உமி கலந்து, குழியில் தண்ணீர் விட்டுப் பல நாள் புளிக்க வைப்பார்கள். பையன்கள் இறங்கி மிதிப்பார்கள், பெண்கள் தண்ணீர் சுமப்பார்கள், இளைஞர்கள் கூடைக் கூடையாக மண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வேலையை நடத்துவது அந்த ஊர்க் கொத்தனார்களின் சங்கம். நீங்கள் கேட்ட கட்டைகள் வேறொன்றுமில்லை, சாரம்! அதன்மேல் ஏறி நின்றுதான் பூசுகிறார்கள். நாம் வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுவோம், அவர்கள் அதைச் சுவரோடேயே வைத்துக் கட்டிவிட்டார்கள். அதுவும் பனங்கட்டை, நம் பனைக்குச் சொந்தக்கார மரம். நாற்பது வருடம் சாரத்தில் நின்றவன் நான். அந்த யோசனையை நினைத்தால் இன்னும் மலைப்பாக இருக்கிறது.

பூசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் அங்கேயே நடந்திருக்கிறது. முதல் பள்ளிவாசல் 13ஆம் நூற்றாண்டில் மன்னர் கோய் கொன்போரோ கட்டியது என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஊரைப் பிடித்த சேக்கு அமாது அதைக் கவனிக்காமல் விட்டு, வேறொன்று கட்டினார். 1828இல் வந்த பிரெஞ்சுப் பயணி ரெனே காயே பார்த்தபோது பழைய கட்டடம் குருவிகள் அடைந்த பாழ். இன்று நிற்பது 1907இல் முடிந்தது. தலைமைக் கொத்தனார் இஸ்மாயிலா திராவோரே.

சரி, சிமெண்டுக்கு வருவோம். வேண்டவே வேண்டாம். மண்சுவர் குடித்த ஈரம் காற்றில் வெளியேற வேண்டும், சிமெண்டு பூச்சு அதை உள்ளேயே அடைத்துவிடும். எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலின் மண்சுவருக்கு நானே சிமெண்டு பூசினேன். வெளியே பளிச்சென்று இருந்தது. மூன்றாம் வருடம் தட்டிப் பார்த்தால் டொக் டொக்கென்று சத்தம். பூச்சைப் பெயர்த்ததும் உள்ளே மண் மாவாக உதிர்ந்தது. வயதான பூசாரி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அப்புறம் புற்றுமண்ணும் உமியும் குழைத்து அந்தச் சுவரை மறுபடி எழுப்பினோம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள்தான் மண் மிதித்தார்கள். இப்போது தைப்பூசத்துக்கு முந்தின வாரம் வருடா வருடம் பூசுகிறோம்.