வீட்டுக்குள் வளர்ந்த கன்றுகள் வெளியே போகும்போது

கேள்வி: மார்ச் மாத நடுவில் விதை போட்டு, நிலக்கீழ் அறையில் எல்.இ.டி. விளக்கின் கீழ் கத்தரி, மிளகாய், தக்காளிக் கன்றுகளை வளர்த்து வருகிறேன். வீட்டுக்குள் இருக்கும்வரை அவை பச்சைப் பசேலென்று நிற்கின்றன. சென்ற ஆண்டு மே மாதத்தில், நல்ல வெயில் எறித்த ஒரு சனிக்கிழமை காலையில், எல்லாவற்றையும் பின்வளவில் கொண்டுபோய் வைத்தேன். மாலையில் இலைகள் துவண்டு கிடந்தன; இரண்டு நாளில் வெள்ளைத் திட்டுகள் படர்ந்துவிட்டன. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றினேன். பாதிக்கு மேல் செத்துப்போயின. இது என்ன நோய்? இந்த ஆண்டு என்ன செய்யவேண்டும்?
– வாசகி ஒருவர், ஸ்காபரோ

பதில்: உங்கள் கன்றுகளுக்கு நோய் எதுவும் வரவில்லை, அம்மா. அவை வெயிலில் வெந்துபோயின. அதன்பிறகு ஊற்றிய மேலதிகத் தண்ணீர், இலை இழந்து நீரை உறிஞ்ச வலுவின்றி நின்ற கன்றுகளின் வேரையும் மூச்சுத் திணறச் செய்துவிட்டது. கனடாவுக்கு வந்து நான் வளர்த்த முதல் மிளகாய்க் கன்றுகள் முப்பதையும் இப்படித்தான் ஒரே பகலில் பறிகொடுத்தேன். ஆகவே உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வீட்டில் நாம் பயன்படுத்தும் விளக்குகள் நம் கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும், அதில் ஒரு சிறு பங்கைத்தான் கன்றுகளுக்குக் கொடுக்கின்றன. அவற்றில் புற ஊதாக் கதிர் அநேகமாக இருப்பதேயில்லை. அந்த மங்கலான ஒளியில் விரிந்த இலை, கிடைக்கும் வெளிச்சத்தை முழுவதுமாகப் பிடித்துக்கொள்வதற்காக அகன்றும் மெல்லியதாகவும் வளர்கிறது. அதன் மேலுள்ள மெழுகுப் பூச்சும் மெல்லியதே. அதைத் திடீரென்று முழு வெயிலில் வைத்தால், தாங்கமுடியாத ஒளியில் பச்சையம் சிதைந்து, அந்த இடம் வெளிறிக் காகிதம்போல் உலர்ந்துவிடுகிறது. இலையை உள்ளங்கையில் வைத்து விரலால் தடவிப் பாருங்கள். அந்த வெள்ளைத் திட்டு சரசரவென்று ஒலிக்கும், சுற்றியுள்ள பச்சைப் பகுதியோ இன்னும் மிருதுவாகவே இருக்கும். பூஞ்சண நோயானால் திட்டு நாளுக்கு நாள் பெருகும். வெயில் சுட்ட வடு அதே அளவில் நின்றுவிடும். கருகிய இலை மீண்டும் பச்சையாவதில்லை. ஆனால் நுனிக் குருத்து உயிரோடிருந்தால், அதிலிருந்து வரும் புதிய இலைகள் வெளிவெயிலுக்கு ஏற்ற தடிப்போடுதான் விரியும். ஆகையால் அப்படிப்பட்ட கன்றைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்.

வெயிலைப்போலவே காற்றையும் கன்று பழகவேண்டும். நிலக்கீழ் அறையில் காற்று அசைவதில்லை என்பதால் தண்டு மெலிந்து நீளுகிறது; இலைத்துளைகளும் உலர்ந்த காற்றுக்கு உடனுக்குடன் மூடிக்கொள்ளப் பழகியிருப்பதில்லை. வெளியே ஒரு மணி நேரம் காற்றடித்தால், வேர் அனுப்பும் நீரைவிட இலை இழக்கும் நீர் கூடிவிடுகிறது. சட்டியில் ஈரம் இருக்கும்போதே கன்று துவளுவது இதனால்தான். அந்த நிலையில் தண்ணீர் ஊற்றுவதல்ல, நிழலுக்குள் தூக்கி வைப்பதே மருந்து.

நாற்றுமேடைக்கு மேல் கிடுகு போட்டு, நடுகைக்கு முந்திய நாட்களில் அதைக் காலையும் மாலையும் சிறிது சிறிதாக விலக்கிவிடும் என் அப்பாச்சியை நினைத்துக்கொள்கிறேன். கன்றை வன்மைப்படுத்துதல் என்று படித்தவர்கள் சொல்வதை அவர் 'வெயில் காட்டுறது' என்றுதான் சொன்னார். ரொறன்ரோவிலும் நாம் செய்யவேண்டியது அதுவே. இங்கே கிடுகுக்குப் பதிலாக வீட்டுச் சுவரின் நிழல் இருக்கிறது.

வெளியே கொண்டுபோவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே சிறிய மின்விசிறி ஒன்றைத் தள்ளி வைத்து, இலைகள் மெல்ல அசையும் அளவுக்கு நாளுக்கு ஓரிரு மணி நேரம் ஓடவிடுங்கள். அந்த அசைவினாலேயே தண்டு தடித்துக் குட்டையாக வளரத் தொடங்கும். நைதரசன் மிகுந்த உரத்தையும் அப்போதே நிறுத்திவிடுங்கள், ஏனெனில் அது வெயில் தாங்காத கொழுகொழுத்த இலையையே கொடுக்கும். பிறகு, முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம் மட்டும் வைத்து உள்ளே எடுங்கள். இரண்டாம், மூன்றாம் நாட்களில் அதே நிழலில் இரண்டு, மூன்று மணி நேரம். நான்காம் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம் காட்டி, மிகுதி நேரத்தை நிழலில் கழிக்க விடுங்கள். அதன்பின் நாளுக்கு ஒரு மணி நேரமாக வெயிலைக் கூட்டிக்கொண்டு போனால், பத்துப் பன்னிரண்டு நாளில் முழு வெயிலைத் தாங்கும். முகில் மூடிய நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்: மூன்று நாள் மப்பு மந்தாரமாக இருந்துவிட்டு நான்காம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தால், கன்றுக்கு அதுவே முதல் வெயில். வேலைக்குப் போகிறவர்களுக்கு இப்படித் தூக்கிவைத்து எடுப்பது சிரமம்தான். அவர்கள் காலை வெயில் மட்டும் விழுகின்ற கிழக்குப் பக்கச் சுவரோரத்தைத் தேர்ந்து, முதல் சில நாட்களுக்கு மேலே ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டால் போதும்.

நடுகைக்கு விக்டோரியா தின நீண்ட வார இறுதியைத்தான் இங்கு எல்லோரும் நாளாகக் கொள்கிறார்கள். அது மே 25ஆம் திகதிக்கு முந்திய திங்கட்கிழமையில் வருவது. ரொறன்ரோப் பகுதிக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஆயினும் நாட்காட்டியைவிட இரவு வெப்பநிலையையே நம்புங்கள் என்பது என் உறுதியான கருத்து. தக்காளி 10 பாகைக்கு மேற்பட்ட இரவுகளில் நிற்கும். கத்தரியும் மிளகாயும் அதைவிடச் சூடு கேட்பவை; 12, 13 பாகைக்குக் கீழே போகாத இரவுகள் தொடர்ந்து வரும்வரை பொறுத்திருங்கள். குளிர்ந்த மண்ணில் அவசரப்பட்டு நட்ட கத்தரி சாகாமலும் வளராமலும் வாரக்கணக்கில் நிற்கும். ஜூன் முதல் வாரத்தில் நட்டது அதை முந்திக்கொண்டு காய்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மாலையில் நடுங்கள். தக்காளித் தண்டு வேர்விடும் தன்மை உடையது என்பதால் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாகப் புதைக்கலாம். கத்தரியையும் மிளகாயையும் சட்டியில் நின்ற அதே மட்டத்தில் நடுங்கள். இரவில் தண்டை அடியோடு அறுத்துவிடும் வெட்டுப்புழுவுக்காக, அடி நீக்கிய கடதாசிக் குவளையை ஒவ்வொரு கன்றையும் சுற்றி இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் மண்ணுக்குள் இறங்கும்படி பதித்துவிடுங்கள்.

கேள்வி: வானிலை அறிக்கையில் இரவு 3 பாகை என்றுதான் சொன்னார்கள். ஆனால் விடியற்காலையில் நட்ட தக்காளி கருகிக் கிடந்தது. உறைபனி 0 பாகையில்தானே விழவேண்டும்?
– வாசகர் ஒருவர், மார்க்கம்

பதில்: அறிக்கையில் சொல்லப்படும் வெப்பநிலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் அளக்கப்படுவது. முகிலும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானுக்கு விட்டுவிடுவதால், தரையோடு ஒட்டிய காற்றும் இலைகளும் அதைவிடச் சில பாகைகள் கூடுதலாகக் குளிர்ந்து உறைந்துவிடும். வானம் தெளிந்திருந்து, 4 பாகை அல்லது அதற்குக் கீழே என்று சொன்னால், பொழுதுபடுமுன் பழைய படுக்கை விரிப்பைக் குச்சிகளின் மேல் போட்டு, அதன் ஓரம் நிலத்தைத் தொடும்படி மூடுங்கள். மண்ணிலிருந்து எழும் சூடு உள்ளே தங்குவதுதான் காவல். பொலித்தீன் இலையில் பட்டால் பட்ட இடம் உறைந்துவிடும்; அதைத் தவிருங்கள். விடிந்து வெயில் ஏறியதும் மூடியதை எடுத்துவிட மறக்கவேண்டாம்.

கேள்வி: ஏழு ஆண்டுகளாகச் சட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலை மரத்தை மே மாதத்தில் வெளியே வைக்கும்போதெல்லாம் இலை கொட்டிவிடுகிறது. பெரிய மரத்துக்கும் இந்தப் பழக்கல் தேவையா?
– வாசகி ஒருவர், மிசிசாகா

பதில்: தேவை. வயது மரத்துக்குத்தான், இலைக்கல்ல. குளிர்காலத்தில் யன்னலோரம் துளிர்த்த இலைகள் எல்லாம் உள்ளறை வெளிச்சத்துக்கென்றே உருவானவை. இரவுகள் 10 பாகைக்கு மேல் நிலைத்த பிறகு, முதல் வாரம் முழுவதும் நிழலிலும், அடுத்த வாரம் காலை வெயிலிலும் வையுங்கள். வெளியே எடுக்குமுன் இலைகளின் அடிப்புறத்தையும் காம்புகளையும் பாருங்கள்: செதிள் பூச்சியும் சிலந்திப்பேனும் குளிர்காலம் முழுவதும் அங்கேதான் பெருகியிருக்கும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, ஒட்டியிருப்பவற்றை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அப்படியும் சில இலைகள் கொட்டினால் கலங்கவேண்டாம். கொப்பு நுனிகளைக் கிள்ளிவிட்டால் ஜூன் மாத வெயிலுக்குப் பக்கக் கிளைகள் வெடித்து, செப்டம்பரில் உள்ளே எடுக்கும்போது மரம் இப்போதையதைவிட அடர்ந்திருக்கும்.