புகைபோக்கி இல்லாத பண்ணைவீடு: கேள்வி பதில்

இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்துச் சிடிங்ஸ்டன் ஊரில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது பேலீஃப் பண்ணைவீடு. இன்று அது மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டனில், திறந்தவெளி அருங்காட்சியகம் ஒன்றில் நிற்கிறது. அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

வீடு எப்படி ஊர்விட்டு ஊர் போனது?

பௌ பீச் நீர்த்தேக்கம் கட்ட நிலம் எடுத்தபோது, 1960களின் இறுதியில் கழற்றி எடுத்தார்கள். இது மரச்சட்ட வீடு. ஓக் மரங்களை நாக்கும் துளையுமாகச் செதுக்கி, மர முளை அடித்து இறுக்கியிருப்பார்கள். முளைத் துளைகளை நேருக்கு நேர் போடாமல் ஒரு நூல் தள்ளித்தான் போடுவார்கள்; முளை இறங்க இறங்க இரண்டு மரங்களும் ஒன்றையொன்று இழுத்துக் கவ்விக்கொள்ளும். இணைப்புதோறும் தச்சர் கீறிய ரோமன் எண்கள் இருக்கும். எந்த மரம் எதோடு சேரும் என்பதற்கு அதுவே கணக்கு.

புகைபோக்கி இல்லாமல் எப்படிச் சமைத்தார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி. நடுக்கூடம் தரையிலிருந்து கூரை வரை திறந்தே இருக்கும். அதன் தரையில் அடுப்பு. குளிரைப் போக்கவும் சமைக்கவும் அந்த ஒரே நெருப்புதான். புகை மேலே திரண்டு, ஓட்டு இடுக்குகளிலும் கூரை முனையின் சிறு திறப்புகளிலும் கசிந்து போகும். இருபுறமும் மாடி வைத்த அறைகள்: ஒருபக்கம் சரக்கறைகள், மறுபக்கம் குடும்பத்தாரின் தனியறை. கூடத்துக்கு மேல் மட்டும் மாடி கிடையாது. போட்டால் புகை எங்கே போகும்?

பிற்காலத்தில், பெரும்பாலும் 16, 17ஆம் நூற்றாண்டுகளில், இத்தகைய வீடுகளில் செங்கல் புகைபோக்கி எழுப்பிக் கூடத்துக்கும் மாடி போட்டார்கள். அப்படி மாறிப்போன வீட்டின் பரணில் ஏறி விளக்கடித்துப் பாருங்கள். நடுப்பகுதிக் கைமரங்கள் மட்டும் கரி படிந்து கன்னங்கரேலென்று இருந்தால், அதன் கீழே ஒரு காலத்தில் திறந்த கூடம் இருந்தது என்று துணிந்து சொல்லலாம். அந்தக் கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் வீட்டுக்காரரைக் கண்டால் எனக்கு ஆத்திரம்தான் வரும்.

ஜன்னலுக்குக் கண்ணாடி?

இல்லை. ஓக் கம்பிகளும் உள்ளே மரக்கதவும்தான். கண்ணாடி அன்று செல்வர் வீட்டுப் பொருள்.

சுவரில் விரிசல் விழுந்தால் சிமென்ட் பூசலாமா?

கூடாது. சட்டங்களுக்கு நடுவே இருப்பது வரிச்சு கட்டி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பிய சுவர். அது ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே தங்கிய ஈரம் ஓக் சட்டத்தை உளுக்க வைக்கும். சுண்ணாம்புச் சாந்தே போதும். பழங்காலக் கட்டடங்களுக்கான அரசுப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள வீடு என்றால், அதன் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் முன்அனுமதி வாங்கியாக வேண்டும்.

பழைய கப்பல் மரத்தில் கட்டிய வீடு என்கிறார்களே?

ஏறக்குறைய எல்லாப் பழைய வீட்டுக்கும் இந்தக் கதை உண்டு. உத்திரத்தில் காரணம் தெரியாத துளைகள் இருப்பதைப் பார்த்துக் கிளம்பியதாக இருக்கும். இடித்த வேறொரு வீட்டின் மரமாகவோ, எடுத்துவிட்ட தடுப்புச் சுவரின் துளையாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சுற்றிலும் ஓக் காடு இருந்த ஊரில், கடற்கரைக்கு வண்டி கட்டிப்போய் மரம் வாங்கிவர யாருக்குப் பைத்தியம்?