காகம் வந்ததா?

அன்புள்ள பிள்ளை,

கொழும்பு வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். வயது 71. மகள் குடும்பத்தோடு டொரோண்டோவில். பேத்திக்கு வருகிற தையில் நாலு வயது முடிகிறது. பொம்மையும் உடுப்பும் அனுப்பி அலுத்துவிட்டது. இந்த முறை என் கையால் ஒரு படப் புத்தகம் செய்து அனுப்ப ஆசை. 'அ - அம்மா, ஆ - ஆடு' என்று தொடங்கி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு ஆத்திசூடி வரி, கீழே அதன் கருத்து என்று திட்டம். எனக்குப் படம் கீற வராது. இன்டர்நெட்டில் படம் எடுத்து, கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் போட்டு, லமினேட் செய்து, ஸ்பைரல் அடிக்கலாமா?

இன்னொன்று. வீடியோவில் பேசும்போது அவள் என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. "அம்மப்பா, காகம் வந்ததா?" என்பதுதான் முதல் கேள்வி. மனைவி இருந்த காலத்திலிருந்து, காலையில் பல்கனியில் ஒரு காகத்துக்குப் பாண் வைப்பது வழக்கம். இப்படிப்பட்ட பிள்ளை புத்தகத்தைத் திரும்பிப் பார்க்குமா?

ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஐயா,

அகரவரிசையை விட்டுவிடுங்கள். ஔவையார் டொரோண்டோவிலும் கிடைப்பார். உங்கள் பல்கனிக் காகம் கிடைக்காது. பேத்தி தினமும் கேட்கிற கேள்விக்குப் பதிலைப் புத்தகமாகச் செய்து அனுப்புங்கள்.

கருத்துப் பக்கமும் வேண்டாம். என் மகனுக்கு நான் செய்த முதல் புத்தகத்தின் முடிவில் 'ஆகவே பொய் சொல்லக்கூடாது' என்று எழுதியிருந்தேன். அவன் ஒவ்வொரு இரவும் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்துத் தாண்டிப் போவான்.

கதை இவ்வளவு போதும். விடிகிறது, அம்மப்பா பாண் வைக்கிறார். காகம் வந்ததா? பக்கத்தைத் திருப்பினால் அணில். காகம் வந்ததா? திருப்பினால் கீழே பாட்டுப் போட்டுக்கொண்டு பாண்கார ஓட்டோ (அது பீத்தோவன் மெட்டு என்பதைப் பேத்தி பெரியவளாகித் தெரிந்துகொள்ளட்டும்). பிறகு ரயில், பிறகு மழை. காகம் கடைசியில்தான் வர வேண்டும். கேள்வியை எப்போதும் வலப்பக்கத்தின் கீழ் மூலையில் எழுதுங்கள். பதில் திருப்பினால்தான் தெரிய வேண்டும். மூன்றாம் தரம் வாசிக்கும்போது கேள்வியை அவளே கேட்பாள்.

படம் கீற வராது என்பது இந்தப் புத்தகத்துக்கு ஒரு குறையே இல்லை. கறுப்பு பிரிஸ்டல் போர்டைக் கையால் கிழித்து ஒட்டுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், கிழித்த ஓரம்தான் இறகு மாதிரி இருக்கும். கொழும்புக் காகத்துக்குக் கழுத்து சாம்பல் நிறம். அதற்கு வீரகேசரிப் பத்திரிகையில் எழுத்து நெருக்கமான பக்கமாகப் பார்த்து ஒரு துண்டு கிழியுங்கள், தள்ளி வைத்துப் பார்த்தால் அசல் சாம்பல். டொரோண்டோவில் அவள் காண்கிற காகம் முழுக்கக் கறுப்பு. 'இதுக்கு ஏன் கழுத்து வேற கலர்?' என்று நிச்சயம் கேட்பாள். அந்தப் பதிலைப் புத்தகத்தில் எழுதாமல், நேரில் பேச வைத்திருங்கள்.

பாண் வைக்கிற தட்டை மட்டும் நன்றாகப் பார்த்துக் கீறுங்கள், நெளிவு உட்பட. மனைவியைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம். தட்டைப் பார்த்தால் மகளுக்குத் தெரியும்.

இனி தாள். ஏ4 தாள் நான்கை மடித்து ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் 16 பக்கம். அச்சிட்ட படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம் இருப்பது பெரிய தாளை மடித்து வெட்டுகிற கணக்கால். அது அச்சகத்தின் பிரச்சினை, நமக்கு 16 தாராளம். போட்டோகொப்பி எடுக்கிற 80 கிராம் தாள் பசை பட்டால் நெளியும். 160 கிராம் கேட்டு வாங்குங்கள். மடிக்கும் கோட்டைப் பட்டர் பூசுகிற கத்தியின் முதுகால் ஒருமுறை அழுத்திவிட்டு மடித்தால் வெடிக்காது.

இந்த மடிப்பில் 8ஆம், 9ஆம் பக்கங்கள் மட்டும்தான் ஒரே தாளில் சேர்ந்தாற்போல் கிடைக்கும். மற்ற இடங்களில் இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் வேறு தாள், படம் நடுவில் பொருந்தாது. அதனால் ரயிலும் கடலும் அந்த நடுப்பக்கத்துக்கு. தையல் நூல் தெரிவதும் அங்கேதான். கறுப்பு நூலால் ஐந்து துளை போட்டுத் தைத்தால், மேலிருந்து கீழே ஒரு மின்கம்பம் வந்துவிடும். நூலில் முதலில் மெழுகுதிரியைத் தேயுங்கள், சிக்காது. ஸ்டேப்ளர் பின் வேண்டவே வேண்டாம். நான் அடித்த பின்கள் இந்தக் கடற்காற்றில் ஒரு வருஷத்திலேயே துருவேறி, நடுப்பக்கத்தில் இருந்த யானைக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

பசைக்குக் கோதுமை மாவைக் காய்ச்சினால் போதும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பழைய பைண்டிங்காரர்கள் அதில் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு, பிள்ளை வாயில் வைக்கிற புத்தகத்துக்கு ஆகாது. ஒட்டிய தாள்களை ஒரு இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். மழை நாளென்றால் இரண்டு இரவு.

லமினேட் செய்தால் விளிம்பு கையைக் கீறும், லைட் பட்டுப் படமும் மினுங்கும். கிழிந்தால் கிழியட்டும். கொமியூனிகேஷனுக்கு வேறு வேலை இருக்கிறது. தைப்பதற்கு முன் நான்கு தாளையும் இரண்டு பக்கமும் கலர் கொப்பி எடுத்து, அதையும் தைத்து உங்களிடம் வைத்திருங்கள். வீடியோவில் அவள் திருப்பும்போது நீங்களும் திருப்பலாம். எழுத்தை டைப் செய்ய வேண்டாம், உங்கள் கையெழுத்தில் பெரிதாக எழுதினால் போதும். வாசிக்கப் போவது மகள்தானே.

ஒரு சந்தேகம். உங்கள் காகம் பாணின் ஓரத்தை முதலில் கொத்துமா, நடுவையா? நாளைக் காலையில் பார்த்துவிட்டுக் கீறுங்கள். மாற்றிக் கீறினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.