ஜோயி செத்துவிட்டானா? படம் பார்த்தவர்களின் கேள்விகளுக்குப் பதில்

போன வெள்ளி இரவு உவர்மலையில் நண்பர் வீட்டு மாடியில் டேவிட் குரோனன்பெர்க்கின் 'எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்' (2005) போட்டோம். நான் அதிகம் தடவை பார்த்தவன் என்பதால் கேள்வியெல்லாம் என்னிடம் வந்தது. முடிவையும் சொல்லித்தான் எழுதுகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை இதுதான். இந்தியானாவில் ஒரு சின்ன ஊரில் சாப்பாட்டுக் கடை நடத்தும் டாம் ஸ்டால், கடைக்குள் புகுந்த இரண்டு கொலைகாரர்களைச் சுட்டுக் கொல்கிறான். டிவியில் முகம் வருகிறது, அப்புறம் பிலடெல்பியாவில் இருந்து ஒரு கண் சிதைந்த ஃபோகார்ட்டி என்ற பாதாளக் குழு ஆள் வந்து, டாமை அவனுடைய பழைய பெயரான 'ஜோயி' என்று கூப்பிடுகிறான்.

உப்புவெளித் தங்கச்சி: டாம் பாதாளக் குழுவில் இருந்த காலத்தை ஒரு காட்சியில்கூடக் காட்டவில்லையே, ஏன்?

எனக்கு இந்தப் படத்தில் பிடித்ததே அதுதான். 'பாட்ஷா'வில் (1995) பொலிஸ்காரத் தம்பி பம்பாயில் என்ன செய்தாய் என்று கேட்டதும் பிளாஷ்பேக் விரிகிறது, மாணிக்கம் யார் என்று தெரிந்து நாங்கள் விசில் அடிக்கிறோம், அந்தப் பழைய வாழ்க்கை அங்கே ஒரு கொண்டாட்டம். இங்கே ஜோயியை நாங்கள் பார்ப்பதே இல்லை. ஃபோகார்ட்டியின் கண்ணைப் பாருங்கள், அதை முள்ளுக்கம்பியால் கிழித்தவன் ஜோயி, அந்த முகம்தான் முழு பிளாஷ்பேக்கும். அதைவிட, கடையில் அத்தனை சாந்தமாகக் கோப்பி ஊற்றும் கைகள் துப்பாக்கி கிடைத்ததும் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்று கவனியுங்கள், பழக்கம் விட்டுப்போகவில்லை என்பதை டாமாக நடித்த விகோ மோர்டென்சன் வசனமே இல்லாமல் காட்டிவிடுகிறார்.

சீனக்குடா அண்ணை: 'லியோ' இதில் இருந்து வந்ததா?

ஓம் அண்ணை, லோகேஷ் கனகராஜே ஒப்புக்கொண்டதுதான். ஆனால் 2023இல் வந்த அந்தப் படத்தில் பிளாஷ்பேக் இருக்கிறது, அதுவும் வேறொருவர் வாயால் சொல்லப்படுகிற கதையாக. குரோனன்பெர்க் படத்துக்கும் மூலம் உண்டு: ஜோன் வாக்னர் எழுதி வின்ஸ் லொக் வரைந்து 1997இல் வந்த சித்திரக் கதை.

கிண்ணியா நானா: உண்மை தெரிந்த பிறகும் மனைவி ஈடி ஏன் ஷெரிஃப் முன்னால் புருஷனைக் காப்பாற்றினாள்?

அன்பு என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை நானா. பொலிஸ் வாசலில் நிற்கும்போது வீட்டை மூடிக் காப்பது ஒன்று, கதவு சாத்தியதும் அவனைத் தொடவிடாமல் தள்ளுவது இன்னொன்று, அவள் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்கிறாள். ஸ்டால் என்ற பெயரே அவன் எடுத்துக்கொண்ட பெயர்தானே, அதைத்தான் அவளும் பிள்ளைகளும் சுமக்கிறார்கள். மரியா பெல்லோவின் நடிப்புக்குக் கிடைத்த பேச்சு போதாது என்பது என் உறுதியான கருத்து.

நிலாவெளித் தம்பி: டாமின் அண்ணன் ரிச்சி கொஞ்ச நேரம்தானே வருகிறார்?

பத்து நிமிடம்கூட இராது. அதற்கே வில்லியம் ஹர்ட்டின் பெயர் துணை நடிகருக்கான ஒஸ்கார் பரிந்துரையில் வந்தது.

மூதூர் அக்கா: கடைசியில் வீட்டுக்காரர் மன்னித்துவிட்டார்களா? ஜோயி செத்துவிட்டானா?

அக்கா, அண்ணனையும் கொன்றுவிட்டுத் துப்பாக்கியை நீரில் எறிந்து, உடம்பைக் கழுவிக்கொண்டு வருகிறான், குளித்தால் போய்விடும் என்பதுபோல. ஆனால் மகன் அதற்கு முதலே ஃபோகார்ட்டியைச் சுட்டுவிட்டான், அப்பாவிடம் இருந்தது பிள்ளையின் கைக்கு வந்தாயிற்று, ஜோயி எங்கே சாவது? எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் டாம் வாசலில் நிற்கிறான். யாரும் ஒரு சொல் கதைக்கவில்லை. எங்கள் வீடுகளிலும் அப்படித்தானே, சண்டை பிடித்த நாளிலும் கோப்பையில் சோறு போட்டு மூடி வைப்பார்கள், முகம் மட்டும் கொடுக்கமாட்டார்கள். சின்ன மகள் எழுந்து போய் அவனுக்கு ஒரு கோப்பை எடுத்து வைக்கிறாள், மகன் இறைச்சியை அவன் பக்கம் நகர்த்துகிறான், ஈடி மெல்ல நிமிர்ந்து பார்க்கிறாள். கோப்பை வைத்தவள் ஈடி இல்லை, அதை மறக்காமல் இன்னொரு தடவை பாருங்கள்.