ஒரே புத்தகத்தைத் தினமும் கேட்கிறாளா? படித்துக் காட்டுங்கள்

கேள்வி: மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு, மகளுக்கு நான்கு வயது. என் கணவர் மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்தவர். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) கதைப்புத்தகங்கள் வாங்கிவந்தேன். மகள் அவற்றில் ஒன்றையே தினமும் கேட்கிறாள், மகன் எதையும் தொடுவதில்லை. நிபோங் திபாலில் இருக்கும் மாமியார் சொல்லும் கதை என்றால் மட்டும் இருவரும் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். குடும்பமாகப் படித்து, பின்னாளில் நினைத்துப் பார்க்க எந்தப் புத்தகங்களை வாங்கலாம்?

பதில்: சகோதரி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் மகள் தன் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். அடுத்த பக்கத்தில் என்ன வரப்போகிறது என்று முன்பே தெரிந்திருப்பதில் அந்த வயதுக்கு ஒரு பெருமை உண்டு. நமக்குத்தான் அலுக்கிறது.

மற்றவை ஏன் தூங்குகின்றன என்று ஊகிக்க முடிகிறது. அவை தமிழ்நாட்டில் அச்சானவை என்றால், அங்கே பிள்ளைகள் சிற்றுண்டி உண்கிறார்கள், இங்கே நாம் பசியாறுகிறோம். அங்கே ரூபாய், இங்கே வெள்ளி. போதாததற்குப் புத்தகத் தமிழின் நீண்ட வினைச்சொற்கள் வேறு. முதல் நாள் எழுத்தைப் பார்க்கவே வேண்டாம். படத்தைக் காட்டி உங்கள் வீட்டுப் பேச்சில் கதையைச் சொல்லிவிடுங்கள். மறுநாள் அச்சிலிருப்பதை அப்படியே படியுங்கள். நான்காம் நாள் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துங்கள். தமிழில் வினை கடைசியில் வருவது இதற்கென்றே அமைந்த வசதி. “முதலை வாயைத் திறந்து…” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால் ‘விழுங்கியது’ என்பாள், அல்லது ‘கொட்டாவி விட்டது’ என்பாள். இரண்டும் சரிதான்.

மகன் விஷயத்தில் உங்களைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். கதை முடிந்ததும் கேள்வி கேட்கிறீர்களா? படித்ததற்குக் கேள்வி-பதில் எழுதும் கருத்துணர்தல் பள்ளியில் அவனுக்குப் போதுமான அளவு நடக்கிறது. வீட்டில் வேண்டாம். தங்கைக்குப் படித்துக்காட்டும் வேலையை அவனிடம் கொடுங்கள். அவனுடைய வகுப்புக்கு எளிதான புத்தகமாக இருக்கட்டும்; தடுக்கிவிழாமல் படிக்கும் சுகம் அவனுக்கும் தேவை.

கணவரை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. சாங் காஞ்சில் என்ற தந்திரக்காரச் சருகுமானின் கதைகளை அவர் மலாயில் படிக்கட்டும். ராஜாவின் உத்தரவு என்று சொல்லி முதலைகளை ஆற்றின் குறுக்கே வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொன்றாக எண்ணியபடியே அவற்றின் முதுகில் தாவி அக்கரைக்குப் போகிறதே சருகுமான், அதே கதைதான். மறுநாள் நீங்கள் பஞ்சதந்திரத்தில் வரும் குரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரலை மரத்திலேயே வைத்துவிட்டு வந்ததாக முதலையிடம் சொல்லித் தப்பியது அது. சருகுமான் கெட்டிக்காரனா, குரங்கா? இந்த வழக்கு எங்கள் வீட்டில் இரண்டு வாரம் நடந்தது. தமிழுக்கும் மலாய்க்கும் இடையே இந்தக் கொடுக்கல் வாங்கல் பழையது: மலாக்காவின் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா 1835இல் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்துதான் மலாயில் பெயர்த்தார்.

பிறகு வாங்கத் தோன்றினால் முதலில் பாட்டுப் புத்தகம் வாங்குங்கள். அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ கிடைத்தால் விடாதீர்கள். சந்தம் நாக்கைத் தானே இழுத்துக்கொண்டு போவதால் எழுத்துக்கூட்டி வாசிப்பவருக்கும் பாட்டு எளிது. உங்கள் கணவர் தமிழில் தொடங்க ஏற்ற இடமும் அதுதான். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். மகனுக்கு ஒரு நிலை குறைத்தே எடுங்கள். கடையில் வாங்கினால் ரசீதை எறியாதீர்கள்; வருமான வரியில் 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கைமுறைக் கழிவில் புத்தகமும் அடங்கும்.

நினைவாக வைத்திருப்பது பற்றி. முதல் பக்கத்தில் தேதி, படித்தவர், கேட்டவர், அன்று நடந்த ஒரு விஷயம் ஆகியவற்றை எழுதுங்கள். என்னிடமுள்ள ஒரு பாட்டுப் புத்தகத்தில் “மழை, மின்சாரம் இல்லை, மெழுகுவர்த்தியில் படித்தோம்” என்று என் அக்காவின் கையெழுத்து இருக்கிறது. பாடல்கள் பாதி மறந்துவிட்டன, அந்த மெழுகுவர்த்தி மறக்கவில்லை. பத்திரப்படுத்துகிறேன் என்று பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். புத்தகத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு அட்டையின் மாவுப்பசை விருந்து. பிள்ளைகள் கைபட்டுக்கொண்டே இருந்தால் இரண்டும் அண்டுவது குறைவு.

கடைசியாக, மாமியார். நல்ல தடித்த நோட்டு ஒன்று வாங்கி, அடுத்த முறை நிபோங் திபால் போகும்போது அவர் சொல்லும் கதையைக் கைப்பேசியில் பதிவுசெய்து வாருங்கள். வீட்டுக்கு வந்து மகன் எழுதட்டும், மகள் படம் வரையட்டும். ஆயாக்கொட்டகை (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்), லயம் (தொழிலாளர் வரிசை வீடு) என்று வருகிற சொற்களைத் திருத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் முடிவை மாற்றிச் சொல்கிறார் என்றால் எல்லா முடிவுகளையும் எழுதிவையுங்கள்.