டி40.1 என்று எழுதியிருந்தால் புற்றுநோயா?

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வலது விரையில் வலியில்லாத கட்டி இருந்தது. போன மாதம் ஆபரேஷன் செய்து அந்த விரையையே எடுத்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘டி40.1’ என்று போட்டிருக்கிறது. பிறகு வந்த பயாப்சியில் ‘லேடிக் செல் டியூமர், 2 செ.மீ.’ என்று இருக்கிறது. புற்றுநோய் பாலிசியில் பணம் கிடைக்காது என்கிறார்கள். இது புற்றுநோயா, இல்லையா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆனால் ‘இல்லவே இல்லை’ என்று இன்றே கையெழுத்துப் போட்டுத் தரவும் முடியாது. அந்த எண் சொல்வதும் இதைத்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் (ஐசிடி-10) விரைப் புற்றுநோய்க்கு சி62, சாதாரணக் கட்டிக்கு டி29.2. இரண்டிலும் உறுதியாகச் சேர்க்க முடியாதவை டி40.1-இல் வரும். நெட்டில் தேடினால் டி40.11, டி40.12 என்றும் வரும். அது அமெரிக்கப் பதிப்பு. வலது, இடது என்று பிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் கணவர் வீட்டுக்கு வந்தபோது பயாப்சி முடிவு வரவில்லை. ஆகவே அன்று போட்ட எண்ணுக்கு ‘இன்னும் தெரியவில்லை’ என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. நீங்கள் படிக்க வேண்டியது பயாப்சி ரிப்போர்ட்டை. அதில் 8650/1 என்று ஓர் எண் இருக்கலாம். சாய்கோட்டுக்குப் பின்னால் 0 என்றால் சாதாரணக் கட்டி, 3 என்றால் புற்றுநோய், 1 என்றால் உறுதியாகச் சொல்ல முடியாதது. லேடிக் செல் கட்டிக்கு (விரையில் ஆண் ஹார்மோனைச் சுரக்கும் செல்களில் வரும் கட்டி இது) வழக்கமாக 1 போடுவார்கள். காரணம், பெரியவர்களுக்கு வரும் இந்தக் கட்டிகளில் சுமார் பத்தில் ஒன்று பின்னாளில் பரவக்கூடும். எது பரவும் என்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தும் முழு உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

ஆனாலும் குறிப்புகள் உண்டு. கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருப்பது, செல்கள் வேகமாகப் பிரிவது, நடுவில் அழுகல், ரத்தக் குழாய்க்குள் நுழைந்திருப்பது, ஓரம் தெளிவில்லாமல் சுற்றியுள்ள திசுவுக்குள் பரவியிருப்பது. இவற்றில் பல சேர்ந்திருந்தால்தான் கவலை அதிகம். 2 செ.மீ. என்பது நல்ல செய்தி. மற்றவை பற்றி ரிப்போர்ட்டில் எதுவும் எழுதவில்லையென்றால், பயாப்சியைப் பார்த்த பெத்தாலஜி டாக்டரிடம் கேளுங்கள். சந்தேகம் தீரவில்லையா? கட்டியின் திசு வைத்திருக்கும் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் வாங்கி, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலோ அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டிலோ இன்னொரு முறை பார்க்கச் சொல்லலாம்.

பாலிசி விஷயம் வருத்தமானதுதான். தீவிர நோய் பாலிசிகளில் ‘புற்றுநோய்’ என்பதற்கான விளக்கத்திலேயே, தன்மை தெரியாத கட்டிகளை விலக்கியிருப்பார்கள். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கான மெடிக்ளெய்ம் வேறு; அதில் கிடைக்க வாய்ப்பு உண்டு, தனியாக விண்ணப்பியுங்கள். யாராவது ‘சி62 என்று மாற்றி எழுதி வாங்கிக்கோங்க’ என்று சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது பொய்யான ஆவணம். அவர் இனி போகும் எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்த எண் அவர் கூடவே வரும். தேவையில்லாத சிகிச்சைக்கும் இழுத்துவிடும்.

அவர் கட்டாயம் செய்ய வேண்டியது, தவறாமல் செக்கப்புக்குப் போவது. இந்தக் கட்டி பரவினால் கீமோவும் கதிர்வீச்சும் அவ்வளவாகக் கை கொடுக்காது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். வயிறு, மார்பு சிடி ஸ்கேன், ஹார்மோன் ரத்தப் பரிசோதனை இவற்றை எப்போதெல்லாம் எடுக்க வேண்டும் என்று யூராலஜி டாக்டரிடம் எழுதியே வாங்கிவிடுங்கள். லாரி டிரிப் இருக்கிறது, வலி ஒன்றும் இல்லையே என்று தள்ளிப்போட விடாதீர்கள். ஆரம்பத்திலும் வலி இல்லைதானே?

அப்புறம், நீங்கள் கேட்கத் தயங்கியிருக்கலாம்: மீதமுள்ள விரை நன்றாக இருந்தால் தாம்பத்தியத்துக்கும் குழந்தைப்பேற்றுக்கும் பொதுவாக அந்த ஒன்றே போதும். மாதம் ஒரு முறை, வெந்நீரில் குளித்ததும் அவரே அதைத் தடவிப் பார்க்கட்டும். கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டாலோ, மார்பு வீங்கினாலோ, அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.